பாஸ் கிட்டார் இல்லையா? கையில இருக்கிற எலெக்ட்ரிக் கிட்டாரை வெச்சே பாட்டை முடிக்கலாம்!

சனிக்கிழமை சாயங்காலம். சம்பளம் வாங்கிட்டு, திருப்பூர்லேருந்து குன்னத்தூர் பஸ் ஏறியாச்சு. காதுல ஹெட்செட். போன வாரம் ராத்திரி மாடி ரூம்ல உட்கார்ந்து நீங்களே ரெக்கார்ட் பண்ணின பாட்டு ஓடுது. கிட்டார் இருக்கு, குரல் இருக்கு, ஆப்ல போட்ட டிரம்ஸும் இருக்கு. ஆனா, என்னமோ குறையுது. சுவரும் கூரையும் இருக்கு, அஸ்திவாரம்தான் இல்லைங்கிற மாதிரி.

குறையறது பாஸ்.

"சரி, காசு சேர்த்து ஒரு பாஸ் கிட்டார் வாங்கிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கலாம்"னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். நானும் என் நண்பனும் சேர்ந்து போட்ட ஒரு பாட்டை, பாஸ் வரட்டும்னு தள்ளித் தள்ளிப் போட்டோம். பாஸ் கிட்டார் வந்தது. அதுக்குள்ள, பாடுற நண்பன் வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான். அந்தப் பாட்டு இன்னும் என் போன்ல பாதியில நிக்குது.

அதனால நீங்க காத்திருக்க வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே ரெக்கார்டிங்குக்குப் போதுமான பாஸ் சத்தம் எடுக்க முடியும். எப்படின்னு பார்க்கலாம்.

கிட்டாருக்கும் பாஸுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண நாலு ஸ்ட்ரிங் பாஸ் கிட்டாரில் இருப்பவை ஈ, ஏ, டி, ஜி. உங்க கிட்டாரின் தடிமனான நாலு ஸ்ட்ரிங்கும் அதேதான். ஆனா, பாஸ் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே இருக்கும். கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் நொடிக்கு சுமார் 82 முறை அதிரும். அதாவது 82 ஹெர்ட்ஸ். பாஸின் ஈ ஸ்ட்ரிங் சுமார் 41 ஹெர்ட்ஸ். சரியா பாதி.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. விரல் வைக்கிற இடமெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதுசா ஒரு வாத்தியம் கத்துக்க வேண்டியதில்லை. சத்தத்தை ஒரு ஆக்டேவ் இறக்கினால் போதும்.

"அப்போ ஸ்ட்ரிங்கையே லூஸ் பண்ணி இறக்கிடலாமே?" வேண்டாம். ஒரு ஆக்டேவ் இறக்கணும்னா ஸ்ட்ரிங்கின் இழுவிசை நாலில் ஒரு பங்கா குறையணும். துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்கி, ஃப்ரெட்ல பட்டு 'கர கர'ன்னு கேட்கும். பாஸ் கிட்டாரின் ஸ்ட்ரிங் அவ்வளவு தடிமனா இருப்பதும், அதன் நீளம் பொதுவா 34 அங்குலம் இருப்பதும் இதுக்காகத்தான். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த நீளம் 25 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும்.

ஆக, கிட்டாரை வழக்கமான டியூனிங்கிலேயே விட்டுடுங்க. இறக்குற வேலையை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கட்டும்.

உலகமே கேட்ட 'பொய் பாஸ்'

இது ஏதோ வசதி இல்லாதவங்க செய்யுற சமாளிப்புன்னு நினைச்சிடாதீங்க. 2003-ல் வந்த 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டு ஞாபகம் இருக்கா? கால்பந்து மைதானங்களில் கூட்டமே சேர்ந்து 'ஓ... ஓ...'ன்னு பாடுமே, அதேதான். அந்த ஆரம்ப மெட்டைக் கேட்கிற யாரும் பாஸ் கிட்டார்னுதான் சொல்வாங்க. ஆனா, 'தி வொயிட் ஸ்ட்ரைப்ஸ்' குழுவில் மொத்தமே ரெண்டு பேர். ஒருத்தர் கிட்டார், ஒருத்தர் டிரம்ஸ். ஜாக் வொயிட் தன் கிட்டாரை 'வாமி' என்கிற பெடல் வழியா ஒரு ஆக்டேவ் இறக்கி வாசித்த சத்தம்தான் அது.

உங்ககிட்ட அந்தப் பெடல் இல்லைன்னாலும் கவலை இல்லை. ரெக்கார்டிங்ல அதே வேலையை இலவச சாஃப்ட்வேர் செய்யும்.

முதல்ல கிட்டாரைத் தயார் பண்ணுங்க

பிக்கப் ஸ்விட்சை கழுத்துப் பக்கம் இருக்கிற பிக்கப்புக்கு மாத்துங்க. சத்தம் உருண்டையா வரும். டோன் குமிழைப் பாதிக்குக் கீழே குறைங்க. டிஸ்டார்ஷன், ரிவெர்ப் எதுவும் வேண்டாம். பிக்கை கீழே வெச்சுட்டு கட்டைவிரல் அல்லது ஆள்காட்டி விரலின் சதையால வாசிங்க.

அடுத்தது நம்ம ஊர்ல சல்லிசா கிடைக்கிற ஒரு பொருள். பனியன் வேஸ்ட்! ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து மடிச்சு, பிரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்கு அடியில செருகுங்க. ஸ்ட்ரிங்கை லேசா தொட்டா போதும், அழுத்தக் கூடாது. இப்ப வாசிச்சுப் பாருங்க. 'டிங்'னு நீண்டு ஒலிச்ச நோட்டு, 'டும்'னு சுருக்கமா முடியும்.

இது புது ஐடியா ஒண்ணும் இல்லை. ஃபெண்டர் கம்பெனி 1951-ல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பாஸ்' கிட்டாரிலேயே பிரிட்ஜ் மூடிக்குள்ள இதே வேலையைச் செய்ய ஒரு அடக்கி இருந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஃபோம் வெச்சுத்தான் வாசித்தார். அவருக்கு ஃபோம், நமக்கு பனியன் துணி.

மெஷின் சத்தம் கேட்காது... கரன்ட் சத்தம் கேட்கும்!

கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரா சொருகி ரெக்கார்ட் பண்ணுங்க. மைக் வேண்டாம். பக்கத்து வீட்டுல ஓவர்லாக் மெஷின் ஓடினாலும் அந்தச் சத்தம் பாட்டுக்குள் வராது. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்'னோ கிட்டார் படமோ போட்ட பட்டன் இருந்தால், அதை ஆன் பண்ண மறக்காதீங்க. இல்லைன்னா சத்தம் சோகை பிடிச்ச மாதிரி வரும்.

ஆனா, வேற ஒரு வில்லன் இருக்கு. மோட்டார், பழைய டியூப்லைட் சோக், சார்ஜர் இதுக்கெல்லாம் பக்கத்துல உட்கார்ந்தா, கிட்டார் பிக்கப் 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சலைப் பிடிக்கும். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் மூணாவது ஃப்ரெட் ஜி நோட்டு 49 ஹெர்ட்ஸ். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். அதனாலதான் இந்த இரைச்சல் பாஸை மட்டும் ரொம்பக் கெடுக்குது.

இதுக்கு மூணு வழி. ஒண்ணு, கிட்டாரோட நாற்காலியில மெல்லத் திரும்பிப் பாருங்க. ஏதோ ஒரு திசையில இரைச்சல் நல்லா குறையும். அங்கேயே உட்காருங்க. ரெண்டு, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிட்டு பேட்டரியில ரெக்கார்ட் பண்ணுங்க. மூணு, ஆக்டேவ் இறக்குறதுக்கு முன்னாடியே ஈக்யூவில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்க. கிட்டாரின் கடைசி நோட்டே 82 ஹெர்ட்ஸ்தான். அதுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் குப்பை. இறக்கின பிறகு வெட்டினால் குப்பையோட பாஸும் சேர்ந்து போயிடும்.

மைனஸ் 12... அவ்வளவுதான்!

ஒரு ஆக்டேவுக்கு 12 செமிடோன். கம்ப்யூட்டர்ல 'ஆடாசிட்டி' இலவசமா கிடைக்குது. ரெக்கார்ட் பண்ணின டிராக்கை செலக்ட் பண்ணி, பிட்ச் மாற்றும் எஃபெக்ட்டைத் திறந்து, செமிடோன் கட்டத்துல மைனஸ் 12 போடுங்க. வேகம் மாறாது, சுருதி மட்டும் ஒரு ஆக்டேவ் இறங்கும். நீங்க பயன்படுத்துற மொபைல் ஆப்பில் பிட்ச் மாற்றும் வசதி இருந்தால், அதிலும் இதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரு நேரத்துல ஒரு நோட்டு மட்டும் வாசிங்க. கார்டு வாசிச்சு இறக்கினா எல்லாம் குழைஞ்சு களி மாதிரி ஆகிடும்.

இறக்கின சத்தம் ரோபோ மாதிரி கேட்குதா? அப்போ பழைய டேப் காலத்து வழி ஒண்ணு இருக்கு. பாட்டு டெம்போ 80-ன்னா, மெட்ரோனோமை 160-ல் வெச்சு வாசிங்க. அதை வேகமும் சுருதியும் சேர்ந்து பாதியாகுற மாதிரி ஓட்டுங்க. டெம்போ 80-க்கு வந்து நிக்கும், சத்தமும் ஒரு ஆக்டேவ் இறங்கிடும். வேகமா வாசிக்க கொஞ்சம் பயிற்சி வேணும். ஆனா, இன்னும் இயல்பா கேட்கும்.

பிறகு 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற கூர்மையைக் குறைங்க. 80-லிருந்து 100 வரை கொஞ்சம் ஏத்துங்க. 300 பக்கம் மந்தமா இருந்தா லேசா இறக்குங்க. நோட்டுக்கு நோட்டு சத்தம் ஏறி இறங்காம இருக்க கம்ப்ரஸர், 4:1 விகிதத்தில்.

போன்ல பாஸ் கேட்கலையே?

ஹெட்செட்ல 'டும் டும்'னு கேட்ட பாஸ், போன் ஸ்பீக்கர்ல காணாமப் போயிருக்கும். பதறாதீங்க. அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால 41 ஹெர்ட்ஸை ஒலிக்க முடியாது.

ஆனா, நம்ம மூளை கெட்டிக்காரத்தனமானது. ஒரு நோட்டு ஒலிக்கும்போது அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். 41-க்கு 82, 123, 164-ன்னு போகும். அடிப்படை நோட்டு காதுக்கு வராட்டாலும், மேலே இருக்கிற மடங்குகளை வெச்சே மூளை அதை ஊகிச்சுக்கும். அந்த மடங்குகளைக் கூட்டணும்னா, பாஸ் டிராக்குக்கு மட்டும் துளியூண்டு டிஸ்டார்ஷன் சேருங்க. தனியா கேட்டா கொஞ்சம் கரகரப்பா இருக்கும். பாட்டோட சேர்ந்தா போன்லயும் பாஸ் எழுந்து நிக்கும். உங்க பாட்டைக் கேட்கப்போற நண்பர்கள்ல பெரும்பாலானவங்க போன்லதானே கேட்கப்போறாங்க?

சத்தம் பாதி, வாசிப்பு மீதி

இத்தனை செஞ்சும், கிட்டாரிஸ்ட் மாதிரியே வாசிச்சா அது பாஸா கேட்காது. கிட்டார்ல கை சும்மா இருக்காது. பாஸ்ல சும்மா இருக்கிறதும் வாசிப்புதான்.

இளையராஜா பாடல்களில் பாஸ் வாசித்த சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ், இவங்களைக் கேளுங்க. பாட்டுக்குப் பதிலா பாஸை மட்டும் முணுமுணுத்துப் பாருங்க. எங்கே நிறுத்துறாங்க, குரல் வரும்போது எப்படி ஒதுங்குறாங்க, குரல் நின்னதும் எப்படி உள்ளே வர்றாங்கன்னு புரியும். உங்க பாட்டுல முதல் வேலையா, டிரம்ஸின் கிக் விழுற இடத்துல கார்டின் வேர் நோட்டை மட்டும் வாசிங்க. அதுவே பாதிப் பாட்டைத் தூக்கிடும்.

இது அசல் பாஸுக்கு ஈடாகுமா? முழுசா ஆகாது. அந்தத் தடித்த ஸ்ட்ரிங்கின் உறுமலும், விரல் வழுக்குற சத்தமும் இதுல வராது. நாளைக்குக் காசு சேர்ந்தா நல்ல பாஸ் வாங்குங்க, அந்த டிராக்கை மட்டும் மாத்தி வாசிச்சுக்கலாம். டிராக்கை எப்ப வேணும்னாலும் மாத்தலாம். ஆனா, பாட ஆளும், பாடுற ஆசையும் பக்கத்துல இருக்கிற நேரம் திரும்பி வராது.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. லீவுதானே? பனியன் வேஸ்ட் ஒரு துண்டு எடுத்துக்கோங்க, நண்பனுக்கு ஒரு போன் போடுங்க. பாட்டை முடிச்சுடுங்க!