சுரீரென்று அடிக்காத மின்சாரம்

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வருகிறது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே எர்த் ஒயரை மாட்டுவதற்கான ‘லக்’ என்ற சின்னச் செம்பு முனை கிடக்கும். சில பெரிய கருவிகளோடு மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றும் வரும். பல இடங்களில் இரண்டையும் யாரும் வெளியே எடுப்பதில்லை. அவை எதற்காக வருகின்றன என்று டீயை ஆற்றிக்கொண்டே பார்ப்போம்.

இரண்டு பொருள்கள் ஒட்டி உரசிப் பிரியும்போது, ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவுகின்றன. நாற்காலியிலிருந்து எழுந்தாலும், தரைவிரிப்பில் நடந்தாலும் நம் உடம்பில் இப்படி மின்சாரம் சேரும். போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும் இதைத்தான் நிலைமின்சாரம் என்கிறோம்.

“எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே, அப்புறம் என்ன?” அநேகமாக எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். விரல் நுனியில் சுரீரென்று நாம் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. கருவிக்குள் இருக்கும் சிப்புகளில் சில, 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். அதாவது நம் விரல் அறியாமலே ஒரு சிப்பைக் கெடுத்துவிட முடியும். அது அங்கேயே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை, உடனே மாற்றிவிடலாம். அரைகுறையாகக் காயப்பட்ட சிப்தான் தொல்லை. இன்று சோதித்தால் ஒழுங்காக வேலை செய்யும். சில மாதம் கழித்து ஒரு போர்ட் காரணமே தெரியாமல் விட்டுவிட்டு அறுந்துபோகும். சிப்புகள் பொருத்திய கார்டை அன்றைக்கு வெறுங்கையால் தொட்டது யாருக்கும் நினைவிருக்காது.

சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இது நடக்காது என்பார்கள். பாதி உண்மை. தரைவிரிப்பில் நடக்கும்போது மிக வறண்ட காற்றில் 35,000 வோல்ட் வரை சேரலாம். ஈரக்காற்றில் அது 1,500 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் சிப்புக்கு அந்த 1,500-ம் அதிகம்தானே? போதாததற்குக் கருவிகள் இருப்பது ஏசி அறையில். ஏசியின் குழாயில் சொட்டுகிற தண்ணீர், அறைக்காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம்தான்.

அப்படியானால் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளலாமா? சுவர் மின்சாரம் நம்மைத் தாக்காமலிருக்க அது உதவும். இங்கே தேவை நேர் எதிரானது. ரப்பர், உடம்பில் சேர்ந்த மின்சாரம் தரைக்கு இறங்கும் வழியை அடைத்துவிடும்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்வோம். ஒன்றில் மட்டம் உயரம், மற்றதில் தாழ்வு. நடுச்சுவரைத் திடீரென்று உடைத்தால் வெள்ளம் பாயும். முன்கூட்டியே ஒரு மெல்லிய குழாயால் இணைத்துவிட்டால் மட்டங்கள் சத்தமில்லாமல் சமமாகிவிடும். பிறகு சுவரை எடுத்தாலும் எதுவும் பாயாது. நம் உடம்பும் கருவியும் அந்தத் தொட்டிகள், மணிக்கட்டுப் பட்டை அந்தக் குழாய். அதன் மறுமுனையைக் கருவிச் சட்டத்தில் பெயின்ட் பூசாத உலோகத்தில் கவ்வவிட வேண்டும். பட்டையின் ஒயருக்குள் 1 மெகா ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. தவறி 230 வோல்ட்டில் கை பட்டாலும் பட்டை வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். ஆகவே பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கட்டிக்கொள்ளவே கூடாது. பட்டை இல்லையென்றால், கார்டைத் தொடும் முன் எர்த் செய்யப்பட்ட சட்டத்தின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். வேலை முடியும்வரை அடிக்கடி தொட வேண்டும். கார்டை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும்.

இனி அந்தச் செம்பு முனை. அதில் பச்சை–மஞ்சள் ஒயரைப் பொருத்திச் சட்டத்தை எர்த்தோடு இணைக்கிறோம். மாட்டும்போது இதுதான் முதலில், கழற்றும்போது கடைசியில். நம் மூன்று முனை பிளக்கில் எர்த் முனை நீளமாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: முதலில் தொட்டு, கடைசியில் விடுபடுகிறது. பராமரிப்புக்காகப் பவர் ஒயரை உருவினாலும், தனி எர்த் ஒயர் இருந்தால் சட்டம் பூமியோடு இணைந்தே இருக்கும்.

ஆனால் சுவர் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாத கட்டடங்களும் உண்டு. அங்கே எந்தப் பட்டையைக் கட்டினாலும் மின்சாரம் பூமிக்கு இறங்காது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்தத் துளையில் எர்த் வருகிறதா என்று சோதித்துவிடுங்கள்.