மலைக்குளிரும் தைராய்டுக் குறைபாடும்

நீலகிரியில் வாழும் நாம் எதற்கும் குளிரையே காரணம் காட்டிப் பழகியுள்ளோம். உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும், குன்னூரிலும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் சோர்வு, தோல் வறட்சி, குளிர் தாங்காமை ஆகியன மலையின் இயல்பு என்றே கருதப்படுகின்றன. அவை தைராய்டுச் சுரப்பியின் குறைபாட்டாலும் வரலாம் என்பதைப் பலரும் அறியார்.

கழுத்தின் முன்புறமுள்ள இச்சுரப்பி தரும் தைராக்சின் என்னும் நீரே உடலின் வெப்பத்தையும் ஆற்றலையும் நெறிப்படுத்துகிறது. அது குறைந்தால் பிறர் தாங்கும் குளிரையும் உடல் தாங்காது, எடை கூடும், மலச்சிக்கலும் மறதியும் தோன்றும். எளிய இரத்தப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும்.

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி இந்நோயுற்ற பெண்மணி ஒருவரைத் தேற்றினார். மருந்தைத் தொடர்ந்த அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அச்சாற்றின் இடத்தில் லெவோதைராக்சின் என்னும் சிறு மாத்திரை உள்ளது. உடல் சுரக்கத் தவறியதை ஈடு செய்வதே அதன் பணி. அயோடின் கலந்த உப்பு அயோடின் பற்றாக்குறையைத் தடுக்கும். சுரப்பியே பழுதுபட்டபின் அது மாத்திரைக்கு ஈடாகாது.

மாத்திரையை நாள்தோறும் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ளல் வேண்டும். இங்குதான் நம் மலைப் பழக்கம் குறுக்கிடுகிறது. கண் விழித்ததும் பால் கலந்த தேநீர் அருந்தினால் மருந்து உடலில் சேர்வது குறையும். ஆகவே முதலில் மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ரமலானில் நோன்பு நோற்போர், இரவு உணவுக்குச் சில மணி நேரம் கழித்தோ, சஹர் உணவுக்கு அரை மணி முன்னரோ உட்கொள்வது பற்றி மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் நலம்.

அளவு மாற்றப்பட்டால் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், எலும்பு மெலியும். கருவுற்ற தாய்க்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதனைச் சார்ந்தது.

"உடல் தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். தேறியது மாத்திரையால் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நம் வீட்டில் எவரேனும் ஓயாது குளிர்கிறது என்றால், மற்றுமொரு கம்பளியை நீட்டுவதோடு நில்லாமல், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோமாக.