வீடு விற்பனைக்கு... சாமான்களோடு!

'விற்பனைக்கு! பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி தரை, பெல்ஜியம் கண்ணாடி, ஊஞ்சல், பித்தளைப் பாத்திரங்களோடு பெரிய வீடு. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பக்கத்துலயே!'

இப்படி ஒரு விளம்பரம் கண்ணுல பட்டா என்ன தோணும்? 'யாராவது கோடீஸ்வரர் வாங்கிட்டுப் போவார்'னுதானே? மேட்டரே அங்கதான் இருக்கு ப்ரெண்ட்ஸ். செட்டிநாட்டுல இந்த மாதிரி வீட்டை முழுசா விக்கிறது ரொம்பக் கஷ்டம். பிரிச்சு விக்கிறது ரொம்ப ஈஸி!

காரைக்குடி செக்காலை ரோட்டைத் தாண்டி உள்தெருக்கள்ல ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு நீளமா நிக்கிற வீடுகள். பலதுல பூட்டு!

பர்மா, இலங்கை, மலேயான்னு கடல் கடந்து வட்டித் தொழில் பண்ணின நகரத்தார், 19-ம் நூற்றாண்டுல இருந்து 1940-கள் வரை கட்டின வீடுகள் இவை. தேக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தது. பளிங்கு இத்தாலியில இருந்து. சுவருக்குச் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசினாங்க. இன்னிக்கும் தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கும்.

உள்ள போனா வளவு. நடுவுல முற்றம், சுத்தி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. சமையல் தனித்தனி, கல்யாணமும் படைப்பும் மட்டும் எல்லாருக்கும் ஒரே கூரையில. இந்த ஏற்பாடுதான் அந்த வீட்டோட அழகு. இன்னிக்கு அதோட சிக்கலும் அதுதான்!

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சது. பர்மாவுல போட்ட பணமும் நிலமும் கொஞ்சம் கொஞ்சமா கையை விட்டுப் போச்சு. குடும்பங்கள் வேலை தேடி சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கான்னு கிளம்பிட்டாங்க. வீடு மட்டும் எங்கேயும் போகலை.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. வீட்டைக் கட்டினவருக்கு நாலு பிள்ளைகள். அவங்களுக்கும் ஆளுக்கு நாலுன்னா 16. அடுத்த தலைமுறையில 64! 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல பெண்களுக்கும் சம பங்கு, அது நியாயமும்கூட. முழு வீட்டையும் வில்லங்கமில்லாம விக்கணும்னா பங்கு இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் டெக்சாஸ்ல, ஒருத்தர் ஈப்போவுல, ரெண்டு பேருக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லை. ஓடு உடைஞ்சு மழை ஒழுகுது. யார் செலவு பண்றது? உத்தரம் உளுத்துப் போன பிறகு எல்லாரும் ஒரே குரல்ல சொல்றாங்க, 'பிரிச்சிடலாம்!'

கதவையும் தூணையும் கழட்டி விக்க ரிஜிஸ்டர் ஆபீஸ் போக வேண்டாமே! முனீஸ்வரன் கோவில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குள்ள போய்ப் பாருங்க. கல்யாணச் சீர்ல வந்த எனாமல் தூக்கு, பேர் வெட்டின பித்தளை அண்டா, மரப்பாச்சி, சாமி படங்கள். அந்த இனிஷியல் யாரோடதுன்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியாது!

தப்பிச்ச வீடுகளும் இருக்கு. கானாடுகாத்தான்ல ஓர் அப்பா மகளுக்காகக் கட்டின 'விசாலம்' இப்ப ஹோட்டல். கடியாபட்டி சிதம்பர விலாஸும் அப்படித்தான். முட்டுக்காடு தட்சிணசித்ராவுல ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்காங்க. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்லயும் ஏறிச்சு. ஆனா, எல்லா வீட்டையும் ஹோட்டலாக்க முடியுமா பாஸ்?

இதுல நீங்க எங்கே வர்றீங்க? சிவில், ஆர்க்கிடெக்சர் படிக்கிறீங்களா? அனுமதி வாங்கி ஒரு வீட்டை அளந்து வரைபடம் போடுங்க. விஸ்காமா? வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிற ஆச்சிகிட்ட உட்கார்ந்து பேசுங்க. எந்த அறையில யார் இருந்தாங்க, எந்த அண்டா எந்தக் கல்யாணத்துக்கு வந்ததுன்னு அவங்களுக்கு அத்துப்படி. பதிவு பண்ணிடுங்க. வீடு போனாலும் கதை நிக்கும்.

அந்த 64 பேர்ல ஒருத்தர் நீங்களாவே இருந்தா? முதல்ல பங்காளிகள் பட்டியல் போடுங்க. சாமான்களை போட்டோ எடுத்து எண் போட்டு எழுதுங்க. அப்புறம் கூரைக்குன்னு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பொது நிதி. ஒரு மழைக்காலத்துக்கு முன்னாடி ஓடு மாத்தினா வீட்டுக்கு இன்னும் பல வருஷம் ஆயுசு. நூறு வருஷம் தாண்டின பழம்பொருளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண 1972 சட்டப்படி தடை இருக்குங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

விக்கிறது தப்பில்லைங்க. கஷ்டம்னா விக்கத்தான் வேணும். ஆனா, என்ன இருக்குன்னே தெரியாம வித்துடக் கூடாது. வர்ற லீவுக்கு ஊருக்குப் போறப்ப, பூட்டின வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிங்களேன்!