வேட்டைக்காடு கைமாறும் வரிசை

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் நெடுஞ்சாலை சிங்காரப்பேட்டையைத் தாண்டியதும் கணவாய்க்குள் நுழைகிறது. ஒரு பக்கம் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த தனியார் தோட்டம், மறுபக்கம் காப்புக்காடு. இத்தகைய ஊர்களில் நிலம் விலைக்கு வரும்போது, வேலிக்குள் நிற்கும் மரமும் அதனடியில் மேயும் மானும் கிரயத்தில் சேருமா என்ற கேள்வி எழுவதுண்டு. மரத்துக்குப் பத்திரத்தில் இடம் உண்டு. மாவடை, மரவடை முதல் நிதி நிட்சேபம் வரை நிலத்தோடு போகும் எல்லாவற்றையும் பழைய பத்திர எழுத்தர்கள் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். மானை அவர்களாலும் எழுத முடியாது. தனியார் வேட்டைக்காடு ஒன்று விற்கப்பட்டால் அது பிறகு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கக் கிடைக்கும் சான்று, சென்னை கிண்டி.

முதல் கட்டம் விற்பனை. இன்று ஆளுநர் மாளிகை, இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தேசியப் பூங்கா என்று பிரிந்து கிடக்கும் நிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட மாளிகையும் வேட்டைக்காடுமாகத் தனியார் கையில் இருந்தது. 1821இல் சென்னை அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. மாளிகை ஆளுநரின் ஊர்ப்புற இல்லமானது, காடு அதன் புறக்கடையாகத் தங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் மாறியது உடைமையாளரின் பெயர் மட்டுமே. நிலத்தை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் எழுதப்படவில்லை. அடுத்த 89 ஆண்டுகள் காடு நின்றதற்குக் காரணம், அதை வெட்டும் தேவை அங்கு குடியிருந்தவருக்கு வரவில்லை என்பதுதான்.

இரண்டாம் கட்டம் 1910இல் வந்தது. ஏறத்தாழ 505 ஹெக்டேர், அதாவது 1,248 ஏக்கர், காப்புக்காடாக ஆக்கப்பட்டது. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வகுத்திருக்கும் வரிசை, நல்ல தச்சன் செய்த மூட்டுப் போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அமர்வது. அதைச் சற்று நின்று பார்க்கலாம்.

முதலில் நான்காம் பிரிவின்படி அறிவிக்கை. காடு எங்கே இருக்கிறது, எல்லை ஏறத்தாழ எது என்று சொல்லி, வன நிர்ணய அலுவலர் ஒருவரை அரசு அமர்த்துகிறது. அடுத்து ஆறாம் பிரிவின்படி அந்த அலுவலர் வட்டத் தலைநகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிரகடனம் செய்கிறார். உரிமை உள்ளவர்கள் வந்து சொல்ல மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை. பிரகடனம் வந்த நாளிலிருந்து புதிய உரிமை எதுவும் அந்த நிலத்தின் மேல் முளைக்க முடியாது, புதிதாகக் காடு திருத்தவும் முடியாது. இந்தத் தடை முடிவில் வராமல் நடுவிலேயே வருவதுதான் சட்டத்தின் நுட்பம். தவணைக் காலத்துக்குள் ஓடிப்போய் இரண்டு ஏக்கரை உழுதுவிட்டு உரிமை கேட்கும் வழி அடைபடுகிறது.

பிறகு விசாரணை. நிலமே என்னுடையது என்பவரின் கோரிக்கை ஒரு வகை. வழிநடை, மேய்ச்சல், நீர்க்கால், விறகு, தழை என்று பயன்பாட்டு உரிமை கேட்பவரின் கோரிக்கை இன்னொரு வகை. முதல் வகை உண்மை என்று தெரிந்தால் அலுவலர் முன் மூன்று வழிகள் உள்ளன: அந்தத் துண்டை எல்லைக்கு வெளியே விடலாம், உடைமையாளருடன் பேசி ஒப்படைக்கச் செய்யலாம், இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தலாம். தள்ளப்பட்டவருக்கு மேல்முறையீடு உண்டு. இவை எல்லாம் தீர்ந்த பிறகே பதினாறாம் பிரிவின்படி இறுதி அறிவிக்கை. அப்போது எல்லை 'ஏறத்தாழ' என்று இருக்கக் கூடாது.

எல்லையைக் காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறக்குவது நில அளவரின் வேலை. அக்காலத்துக் கருவி 66 அடிச் சங்கிலி, 100 கண்ணிகள் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் கணக்குப் பிசகாது. எல்லைக்கோடு திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் கல் நட்டோ, கற்குவியல் அடுக்கியோ எண் இடுவார்கள். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்துக் காப்புக்காடுகளின் விளிம்பில் இன்றும் கண்ணில் படும் கற்குவியல்கள் இந்த வேலையின் மிச்சம்தான். கிண்டியில் நிலம் முன்பே அரசின் கிரயத்தில் இருந்ததால், மலையோரக் கிராமங்களில் எழும் அளவுக்கு உரிமைச் சிக்கலுக்கு இடமில்லை.

மூன்றாம் கட்டம் கழித்தல். காப்புக்காட்டுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்ததே தவிர, அரசே ஒரு துண்டை எடுத்து வேறொரு துறைக்குக் கொடுப்பதற்குத் தடை இல்லை. 1958இல் ஒரு பகுதி தொழில்நுட்பக் கழகம் அமைக்க மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போனது. அதே ஆண்டு, பிரதமர் நேருவின் விருப்பப்படி, மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைக்க இன்னொரு பகுதி வனத்துறைக்கு வந்தது. 1961 முதல் 1977 வரை ஏறத்தாழ 172 ஹெக்டேர், பெரும்பாலும் ஆளுநர் மாளிகைக் காட்டிலிருந்து, கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பிரிக்கப்பட்டது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் 1970களின் நடுப்பகுதியில் எழுந்தன. 1972இல் பாம்புப் பண்ணை கிண்டிக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் சொல்லலாம். ஆனால் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையை முன்னால் செய்திருந்தால் இவற்றில் சில வேறு இடம் தேடியிருக்கும்.

அந்த வேலை நான்காம் கட்டம். 1977இல் காடு வனத்துறைக்கு மாறியது. 1978இல் எஞ்சிய பரப்பு, இன்றைய கணக்கில் 270.57 ஹெக்டேர், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடிப்படை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. இதிலும் வரிசை அதேதான்: எண்ணம் தெரிவிக்கும் அறிவிக்கை, உரிமை விசாரணை, உரிமைகள் யாவும் அரசில் வந்து சேர்ந்த பின் இறுதி அறிவிக்கை. கூடுதலாக வந்தது ஒரு பூட்டு. சட்டமன்றத்தின் தீர்மானம் இல்லாமல் எல்லையை மாற்ற முடியாது என்று அன்றைய சட்டம் சொன்னது. இப்போது தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். 1910இன் மூட்டில் இல்லாத ஆணி இது.

கடைசியாகத்தான் செங்கல் வந்தது. 1980களின் பிற்பகுதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் தொழில்நுட்பக் கழகத்துக்கும் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. ஆள் நடமாட்டத்தையும் குப்பையையும் தடுக்கச் சுவர் உதவும். ஆனால் அதே சுவர், ஒரே வெட்டவெளியில் திரிந்த வெளிமான்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிக்கவும் செய்யும். உலர் பசுமைமாறாக் காடும் புதரும் 350க்கு மேற்பட்ட தாவர வகைகளும், அப்பளங்குளம், காத்தான் கொல்லைக் குளம் போன்ற நீர்நிலைகளும் இப்போது அந்தச் சுவருக்குள் நிற்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் வேலியின் வேலை நேர்மாறானது. அங்கு 1991ஆம் ஆண்டு விலங்குத் திருட்டுச் சட்டம், போதிய அளவு வேலியிட்ட நிலத்தின் உடைமையாளருக்கே உள்ளிருக்கும் விலங்கும் உரியது என்கிறது. வேலி போதுமானது என்ற அரசுச் சான்று மூன்றாண்டு செல்லும். பெரிய மான்களுக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் உயர வேலி போடுகிறார்கள். ஆகவே அங்கு பண்ணை விற்பனையில் நிலத்தோடு மானும் எண்ணிக்கையிட்டு விலை பேசப்படுகிறது. இங்கு எத்தனை உயர வேலி போட்டாலும் காட்டு விலங்கு நில உடைமையாளரின் சொத்தாவதில்லை. 1972க்குப் பின்னும் சில விலங்குகளுக்கு உரிமச்சீட்டு வேட்டை இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் முடித்தது. வேலிக்குள் துரத்திப் பிடிப்பதும் கண்ணி வைப்பதும்கூட வேட்டையே.

எனவே சிங்காரப்பேட்டைப் பக்கம் காட்டோரத் தோட்டம் கைமாறும்போது வேலிக்கு மதிப்பு உண்டு, விலங்குக்கு இல்லை. வேலி நன்றாகப் போடப்பட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். முதலில் மூலைத்தூண்களை நட்டு, அவற்றுக்கு இடையே நூல் கட்டுவார்கள். எட்டடிக் கல்தூணுக்கு இரண்டடிக் குழி, பத்தடிக்கு ஒரு தூண். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தபின் சரளையும் மண்ணும் மாறி மாறிப் போட்டுக் கடப்பாரையால் இடிப்பார்கள். கான்கிரீட் மூலைக்கும் வாயிற்கால்களுக்கும் மட்டும் போதும். மூலைத்தூணுக்கு இருபுறமும் முட்டுக்கல் சாய்த்த பிறகே முள்கம்பியை இழுத்து முறுக்க வேண்டும். முட்டு இல்லாமல் இழுத்தால் மூலை உள்ளே சாயும், அதன்பின் எல்லாக் கம்பியும் தொய்யும். சூரிய மின்வேலி போடுவதானால் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்குக் கொடுப்பது குற்றம்.

ஆவணங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு, நில அளவைப் புலப்படம். அந்தப் புல எண் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால் 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி முன்அனுமதி பெறாமல் விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். இதைப் பார்க்காமல் முத்திரைத்தாள் வாங்குவது வரிசை தப்பிய வேலை. பதிவு, பட்டா மாற்றம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

உங்கள் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையில் ஏதாவது ஒரு திசைக்கு நேரே 'காப்புக்காடு' என்று எழுதியிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நில அளவரையும் வனவரையும் ஒரே நாளில் வரச்செய்து, கற்குவியலிலிருந்து வேலி வரை அளந்து புலப்படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.