பல்லடைப்பும் சோடாப் போத்தலும்

சென்ற நோன்பு மாதத்து மாலையொன்று. குறிஞ்சாக்கேணியில் பகல் வெயிலின் வெம்மை முற்றத்து மணலை விட்டு இன்னும் அகலவில்லை. பாங்கொலி எழுந்ததும் என் பேரன் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. ஐஸில் குளிர்ந்திருந்த தேசிக்காய்ச் சோடாவையே நாடினான். நான் தடுத்தபோது, போத்தலிலிருந்த பச்சை நிறக் குறியைக் காட்டி, “சீனி இல்லாததுதானே!” என்று சிரித்தான்.

மறுவாரம் பல் வைத்தியர் அவனுடைய கடைவாய்ப் பல்லைச் சோதித்தார். ஓராண்டுக்கு முன் வைத்த அடைப்பின் மேற்பரப்பு தேய்ந்து, ஓரம் விலகியிருந்தது. நாள்தோறும் என்ன பருகுகிறாய் என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. பேரனின் சிரிப்பு மறைந்தது. முப்பதாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த எனக்கோ வெட்கம் பிறந்தது.

நமது நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறக்குறிகள் இடப்படுகின்றன. நன்முயற்சியே. ஆயினும் அந்நிறங்கள் சீனியைப் பற்றியே பேசும். அமிலத்தைப் பற்றி வாய் திறவா.

அமிலத்தன்மையை அளக்கும் பீஎச் அளவில் 7 என்பது நடுநிலை. ஏறத்தாழ 5.5க்குக் கீழே பல்லின் மிளிரி கரையத் தொடங்கும். கோலாப் பானங்களோ 2.5 அளவில் நிற்பவை. ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்காதலின், இம்மூன்றெண் இடைவெளி ஆயிரம் மடங்காகும்.

அடைப்புகளின் கதை என்ன? வெள்ளியும் இரசமும் கலந்த பழைய அடைப்பு அமிலத்தைப் பெரிதும் தாங்கும். பல்நிறப் பிசின் அடைப்பின் மேற்பரப்பு சற்றே மென்மையுற்றுச் சொரசொரப்பாகும். சிறுவர்க்குப் பெரிதும் பயன்படும் கிளாஸ் அயனோமர் சீமெந்தே அதிகம் நலிவது. இங்கிலாந்தில் வில்சன், கெண்ட் என்னும் அறிஞர் இருவர் 1972இல் அறிவித்த இச்சீமெந்து, பல்லோடு தானே ஒட்டி, புளோரைட்டையும் கசியவிடும் அருமையான பொருள். கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்து இறுகுவது. ஆனால் இறுகிய பின் வேறோர் அமிலம் அதனை அரிக்கவல்லது.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், வழக்கமான இச்சீமெந்து கோலாவில் ஊறியும் நிலைத்தது. அப்பிள், தோடம்பழச் சாறுகளில் ஊறியதோ நாளடைவில் கரைந்தே போயிற்று. பழங்களின் அமிலங்கள் சீமெந்திலுள்ள உலோகங்களைப் பற்றி இழுத்துச் செல்வதே காரணம். தேசிக்காய்ச் சோடாவிலும் அத்தகைய சித்திரிக்கமிலமே புளிப்பூட்டுகிறது. ஆய்வுகூடத்தில் ஊறவைப்பது வேறு, வாயிலே பருகுவது வேறு என்பது உண்மைதான். வாயில் உமிழ்நீர் என்னும் காவலாளி உண்டு. அமிலத்தை நீர்த்து ஆற்றுவது அதுவே. ஆனால் நாள் முழுதும் வறண்ட வாயில் அக்காவலாளி களைத்திருக்கும் வேளையிலன்றோ நாம் முதல் மிடறாகச் சோடாவை ஊற்றுகிறோம்!

அறவே விலக்குமாறு நான் கூறவில்லை. முதலில் தண்ணீர் அருந்துக. சோடாவை உணவோடு ஒரே முறையில் முடித்துவிடுக. மணிக்கணக்கில் மிடறு மிடறாக உறிஞ்சுவதே பெருந்தீங்கு. பருகியவுடன் பல் துலக்காது, அரைமணி நேரம் பொறுத்திடுக.

பேரனின் பல்லை வைத்தியர் மீண்டும் அடைத்துவிட்டார். அன்று மாலை பாங்கொலி கேட்டதும் அவன் கை பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் சென்றது. முன்னோர் வழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஓர் அடைப்பு தேவைப்பட்டதே என்றெண்ணி, நானும் நோன்பு துறந்தேன்.