லாக் இன் பூட்டுக்கும் அப்டேட் உண்டு!

"நேற்று வரை நேராகத் திறந்த இணைய தளம், இன்று ஏன் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்கிறது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. உங்கள் கம்ப்யூட்டரில் பழுது என்று பயப்பட வேண்டாம். தளத்தை நடத்துபவர்கள் லாக் இன் பகுதியை அப்டேட் செய்திருக்கலாம். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் என்ன ஆபத்து உள்ளது என்று பார்ப்போம்.

யார் நீங்கள்? எங்கே போகலாம்?

ஒரு டியூஷன் சென்டருக்கு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என மூன்று கிளைகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மாணவர்களின் மதிப்பெண், பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் அதன் இணைய தளத்தில் உள்ளன. தி.நகர் ஆசிரியர் உள்ளே வரும்போது தளம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, இவர் உண்மையிலேயே அந்த ஆசிரியர்தானா? பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் இதற்குத்தான். இரண்டு, இவர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர், எதைப் பார்க்கலாம்? தி.நகர் ஆசிரியர் அடையாறு பிள்ளைகளின் பட்டியலைப் பார்க்கக் கூடாது அல்லவா?

லைப்ரரி எதற்கு?

இதையெல்லாம் ஒவ்வொரு தளமும் சொந்தமாக எழுதுவதில்லை. வீட்டுக் கதவுக்குப் பூட்டை நாமே செய்யாமல் கடையில் வாங்குவது போல, பிறர் எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பை எடுத்துப் பொருத்துகிறார்கள். இதற்கு லைப்ரரி என்று பெயர். லாக் இன் சேவை தரும் நிறுவனத்துக்கும் தளத்துக்கும் இடையே தூதுவராக நிற்பது கிளையன்ட் லைப்ரரி.

ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995-ல் வெளியிட்ட ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் இத்தகைய லைப்ரரிகள் ஏராளம். இவற்றை 'ஜெம்' என்பார்கள். ரூபியில் இணைய தளம் அமைக்க உதவும் 'ரெயில்ஸ்' 2004-ல் வந்தது. 2010-ல் சென்னையில் தொடங்கிய பிரஷ்டெஸ்க், ரெயில்ஸில்தான் உருவானது.

அப்டேட் செய்யும் முறை

முதலில் 'பண்டில் அவுட்டேட்டட்' என்ற கட்டளை கொடுத்தால், எந்த ஜெம்கள் பழையவை என்று தெரியும். அடுத்து பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 2.4.1 என்பது 2.4.2 ஆனால் பொதுவாகச் சிறு பிழைத் திருத்தம். 2.5.0 ஆனால் புதிய வசதி. 3.0.0 ஆனால் பழைய சாவி புதிய பூட்டில் நுழையாமல் போகலாம். மாற்றக் குறிப்பைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது.

பிறகு தளத்தின் நகல் ஒன்றில் அப்டேட் செய்து சோதிக்க வேண்டும். "என்னால் லாக் இன் செய்ய முடிகிறது" என்பதோடு பலரும் நிறுத்தி விடுகிறார்கள். இது பாதிச் சோதனைதான். தி.நகர் ஆசிரியராக நுழைந்து அடையாறு பட்டியலைத் திறக்க முயல வேண்டும். திறக்காவிட்டால்தான் சோதனையில் வெற்றி! ஏதாவது தவறினால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி உண்டு. எந்த ஜெம் எந்தப் பதிப்பில் இருந்தது என்று 'ஜெம்பைல் லாக்' என்ற பைலில் பதிவாகி இருக்கும்.

பூட்டுக்குள் திருடன்

அப்டேட்டே ஆபத்தாக வந்த கதையும் உண்டு. பாஸ்வேர்ட் வலுவானதா என்று சோதிக்கும் ஜெம் ஒன்றின் பெயர் 'ஸ்ட்ராங் பாஸ்வேர்ட்'. 2019 ஜூனில் இதன் 0.0.7 பதிப்பு ரூபிஜெம்ஸ் தளத்தில் வந்தது. தன் தளத்தின் ஜெம்களை அப்டேட் செய்து கொண்டிருந்த ஒரு புரோகிராமர், ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என்று வரி வரியாகப் பார்த்தார். இந்தப் பதிப்பின் மூலநிரல் மட்டும் அந்த ஜெம்மின் கிட்ஹப் பக்கத்தில் இல்லை. பிரித்துப் பார்த்தால், வெளியில் இருந்து கட்டளைகளை வரவழைத்து இயக்கும் வரிகள் உள்ளே ஒளிந்திருந்தன. சோதனை நகலில் அவை சும்மா இருக்கும். மக்கள் பயன்படுத்தும் உண்மைத் தளத்தில் மட்டும் விழித்துக் கொள்ளும்! ஜெம்மை எழுதியவரின் அக்கவுண்ட்டுக்குள் யாரோ புகுந்து இதை வெளியிட்டிருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில், மிகப் பிரபலமான 'ரெஸ்ட் கிளையன்ட்' ஜெம்முக்கும் இதே கதி. காரணம் என்ன தெரியுமா? அதைப் பராமரித்தவர்களில் ஒருவர், வேறு தளத்தில் இருந்து ஏற்கெனவே கசிந்து விட்ட பழைய பாஸ்வேர்டையே ரூபிஜெம்ஸிலும் வைத்திருந்தார். ஒரே ஒருவரின் கவனக்குறைவு, அந்த ஜெம்மை நம்பிய தளங்களின் கதவைத் திறந்து விட்டது. 2022 ஆகஸ்ட் முதல், அதிகம் டவுண்லோட் ஆகும் ஜெம்களைப் பராமரிப்பவர்களுக்கு பாஸ்வேர்டுடன் இரண்டாவது சோதனையையும் ரூபிஜெம்ஸ் கட்டாயம் ஆக்கியது.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருப்பதும் தவறு. பழைய பதிப்பில் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தபின், அதைத் தேடித் திருடர்கள் வருவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் வையுங்கள். ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பது, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் தருவதை விட நல்லது.

2. மெயிலுக்கும் வங்கிக் கணக்குக்கும் இரண்டாவது சோதனை வசதியை இயக்குங்கள்.

3. தளம் திடீரென்று பாஸ்வேர்ட் கேட்டால், முதலில் மேலே உள்ள முகவரி சரியா என்று பாருங்கள். பிறகு டைப் செய்யுங்கள்.

4. "உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று மெயிலில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். சாப்ட்வேரின் செட்டிங்ஸ் பகுதியிலோ, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலோ சென்று அப்டேட் செய்யுங்கள்.

பூட்டை மாற்றுவது நல்லதுதான். ஆனால் அது யார் கையில் இருந்து வருகிறது என்று பார்த்து மாற்றுங்கள்.