யார் முகத்துக்கு எது?

வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்குப் பயற்றம் மாவு அரைத்த காலம் போய், போடிநாயக்கனூர்க் கடைகளிலும் இன்று அமிலச் சீசாக்கள் வந்துவிட்டன. இரண்டிலும் குற்றமில்லை, இன்னாருக்கு இன்னது என்று அறியாததே குற்றம்.

மேல்தோலின் இறந்த அணுக்கள் தாமே உதிர்பவை. நாம் செய்வது சிறு உதவிதான். எண்ணெய் வழிந்து பருக்கள் தோன்றும் முகத்துக்கு ஸாலிஸிலிக் அமிலம் தகும்; அது எண்ணெயில் கரைந்து மயிர்த்துவாரங்களுக்குள் செல்ல வல்லது. போடிமெட்டுக் குளிர்காற்றில் வறண்டுபோகும் சருமத்துக்கு மென்மையான லாக்டிக் அமிலம் ஏற்றது. தயிரின் புளிப்பும் அதுவே. எளிதில் எரிச்சல் காணும் சருமத்தைத் தேய்க்காமல் விடுவதே உத்தமம். லாக்டிக் அமிலம் பூசிய தோல் வெயிலில் விரைவில் கன்றும். ஆகையால் விடியற்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் சகோதரிகள் அதை இரவில் மட்டும் பூசி, பகலில் முகத்தை வெயில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பாக வேண்டுமென்று நம் பெண்கள் எலுமிச்சையும் உப்பும் கொண்டு முகத்தைத் தேய்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். மாநிறத் தோல் புண்பட்டு ஆறினால், அவ்விடம் முன்னிலும் கறுத்துவிடும். வெள்ளையர் ஆட்சி 1947-ல் ஒழிந்தது. வெள்ளை நிற மோகம் மட்டும் ஒழியவில்லை. தேய்த்துப் போக்க வேண்டியது அழுக்கை, நிறத்தையல்ல!